மாமனார் தட்டின தாளம்

அல்சீட் ஃபோன்டெனெட்டுக்குப் பிணம் என்றால் பயம். சாதாரணப் பயம் இல்லை. தெருவில் சவ ஊர்வலம் வந்தால் மருந்துக்கடைக்குள் புகுந்து, தேவையே இல்லாத பேதி மாத்திரையை வாங்கிக்கொண்டு நிற்பான். அப்படிப்பட்டவன் யாரைக் காதலித்துக் கட்டிக்கொண்டான் தெரியுமா? எங்கள் ட்ரெமே பேட்டை ஆட்களில் பாதிப் பேரைக் குளிப்பாட்டி, உடுத்தி, கல்லறைக்கு அனுப்பி வைத்த தியோஃபில் ரோஷோனின் ஒரே மகளை. எங்கே போய் முட்டிக்கொள்ள!

ரோஷோன் பெரிய மனுஷர், அதில் சந்தேகமில்லை. ஊர்வலத்துக்கு முன்னால் கறுப்புக் கோட்டும் கைத்தடியுமாக அவர் அடியெடுத்து வைத்தால், பின்னால் வரும் பேண்டின் முரசு அவர் காலைப் பார்த்துத்தான் விழும். முப்பது வருஷத்து நடை. கோபத்தில் கதவைச் சாத்தினால்கூட அந்தச் சத்தம் தாளத்தில்தான் இருக்கும் என்று அவர் மனைவி இருந்த காலத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

அவருக்கு ஆண்பிள்ளை கிடையாது. தனக்குப் பிறகு அந்தக் கைத்தடியை மருமகன் பிடிக்கணும் என்று ஆசை. மருமகனோ, பகலில் துறைமுகத்தில் மூட்டை இறக்கிவிட்டு, சாயங்காலமானால் மிஸ் யூலாலியின் மதுக்கடையில் பியானோ முன்னால் உட்கார்ந்துவிடுவான். அந்த மதுக்கடை எங்கே இருந்தது என்கிறீர்கள்? ரோஷோனின் சவ வீட்டுக்கு ஒட்டினாற்போல. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்.

அல்சீட் வாசித்தது பழைய ஜாஸும் இல்லை, கோயில் பாட்டும் இல்லை. இரண்டையும் ஒரே சட்டியில் போட்டு, அடுப்பைப் பெரிதாக்கிவிட்டு வேடிக்கை பார்க்கிற மாதிரி ஒன்று. இடது கை உருட்டும், வலது கை வம்பு பேசும், உட்கார்ந்திருக்கிறவன் இடுப்பு தானாக ஆடும். அதற்கு ரிதம் அண்ட் புளூஸ் என்று பத்திரிகைகள் அப்போதுதான் பேர் வைத்திருந்தன. ரோஷோன் அதற்கு வேறு பேர் வைத்திருந்தார். அதை இங்கே எழுத முடியாது.

சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து அழும். அந்தப் பக்கம் அல்சீட் ஆரம்பிப்பான். அழுகிற அத்தையின் கால் அவளுக்கே தெரியாமல் தரையைத் தட்டும். ரோஷோனுக்கு மண்டை காய்ந்துவிடும். கைத்தடியை எடுத்து, சுவரில் ஓங்கி டக், டக்!

"போறப்ப அழணும், அடக்கம் பண்ணணும், திரும்பி வர்றப்பதான் ஆடணும். பாட்டுக்குன்னு ஒரு முறை இருக்குடா! பெட்டிய மூடுறதுக்கு முன்னாடியே ஆடுறானே, இவன் என்ன பிறவி?" என்று மகளிடம் கத்துவார்.

"நீங்க சுவத்தத் தட்டுறதுதான் அவங்களுக்குக் கேக்கும், திட்டுறது கேக்காதுப்பா," என்பாள் லியோன்டீன். அவள் யார் பக்கம் என்று கடைசிவரை யாருக்கும் பிடிபடவில்லை.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்போ என்கிற இறால் குழம்புச் சாப்பாட்டு மேசையில் ரோஷோன் கரண்டியைக் கீழே வைத்தார்.

"மாப்ள, ஈஸ்டருக்குள்ள எவனாவது உன் பாட்ட ரெக்கார்டு பண்ணிட்டா, நான் வாயையே திறக்க மாட்டேன். பண்ணலியா, கறுப்புக் கோட்ட மாட்டிக்கிட்டு என்கூட வந்துடு. காலம்பூரா."

அல்சீட்டுக்கு இறால் தொண்டையில் சிக்கியது. ஆனாலும் தலையாட்டிவிட்டான். ஆண்பிள்ளை வீறாப்பு, வேறென்ன.

ஈஸ்டர் நெருங்கிவிட்டது. வருகிறேன் என்ற ரெக்கார்டுக்காரர்கள் ஒருவரும் வரவில்லை. புனித வாரத்துச் செவ்வாய்க்கிழமைதான் கெஸ்லர் என்கிற வெள்ளைக்காரர் வடக்கேயிருந்து ரயிலில் வந்து இறங்கினார். குளிர்பெட்டி விற்கிற ஒரு கடையின் பின்னறையில், சுவரெல்லாம் கம்பளியைத் தொங்கவிட்டு ரெக்கார்டு பிடிப்பார்கள். அங்கே மதியம் அல்சீட்டுக்கு ஒரு மணி நேரம் கொடுத்தார்.

அந்த ஊர்க்கோடிக்கு எதில் போவது? குடும்பத்தில் இருந்த ஒரே வண்டி சவ வண்டிதான். ரோஷோனே ஓட்டிக்கொண்டு வந்தார். முன்சீட்டில் புதுசாகத் தைத்து, இஸ்திரி போட்ட கறுப்புக் கோட்டு ஒன்று மடித்து இருந்தது.

"யாருக்கு மாமா?"

"உனக்குத்தான். அங்கேயிருந்து நேரா வேலைக்குப் போயிடலாம் பாரு, ரெண்டு தடவை பெட்ரோல் எதுக்கு?"

வழியெல்லாம் மனிதர் சீட்டியடித்துக்கொண்டே வந்தார்.

உள்ளே பியானோ பளபளவென்று இருந்தது. டிரம்ஸ்காரன் லூஷியன் தயாராக இருந்தான். ரோஷோன் கைத்தடியோடு முன்பக்கக் கடையில், குளிர்பெட்டிகளுக்கு நடுவே, பலகைத் தடுப்பில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். பாட்டைப் பதிக்கிற மெழுகுத் தட்டு சுழன்றது. 'லியோன்டீன் பீன்ஸைக் கருக்கிட்டா' என்கிற பாட்டை அல்சீட் எடுத்தான். மிஸ் யூலாலி கடையில் நாற்காலி உடைய ஆடுவார்களே, அதே பாட்டு.

பாதியில் கெஸ்லர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"என்னப்பா, நடுவுல நடுவுல பள்ளம் விழுது? மறந்துட்டியா?"

"இல்லையே சார்."

"நாலு அடி வாசிக்கிற, அப்புறம் எவனுக்கோ காத்திருக்க. பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு. சரி பண்ணு."

அல்சீட் பள்ளத்தை நிரப்பி வாசித்துப் பார்த்தான், பாட்டு செத்துவிட்டது. லூஷியன் அந்த இடத்தில் குச்சியால் தட்டிப் பார்த்தான், கதவைத் தட்டி உள்ளே வரலாமா என்று கேட்பதுபோல இருந்தது. இரண்டு தட்டு வீணானதும் கெஸ்லர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

"டேய்," என்றான் லூஷியன் மெதுவாக, "அந்த எடத்துல எப்பவும் யாரு தட்டுவா?"

அல்சீட்டுக்கு உறைத்தது. இத்தனை வருஷமாக, தன்னை அறியாமலே, மாமனாரின் கைத்தடிக்கு இடம் விட்டு இடம் விட்டு அவன் பாட்டைக் கட்டியிருக்கிறான். அட கடவுளே! எவர் இவன் தோற்றுப் போகணும் என்று வெளியே காத்திருக்கிறாரோ, அவர்தான் பாட்டில் பாதி.

முன்கடைக்கு ஓடினான்.

"மாமா, ஒரு உதவி. கொஞ்சம் கோபப்படணும்."

"என்னது?"

"வந்து அந்தத் தடுப்பைத் தட்டுங்க மாமா, வழக்கமாத் தட்டுவீங்களே, அப்படி."

ரோஷோனுக்கு விஷயம் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. புரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "எனக்கு இப்பக் கோபமே இல்ல மாப்ள. இவ்வளவு சந்தோஷமா நான் இருந்து ரொம்ப நாளாச்சு. போ, போய் முடிச்சிட்டு வா. கோட்டு கை நீளம் சரியான்னு பாக்கணும்."

அல்சீட் திரும்பி வந்தான். கெஸ்லர் தொப்பியை எடுத்து மடியில் வைத்திருந்தார்.

"கடைசித் தட்டு. இதுக்கப்புறம் நான் ரயிலுக்குப் போகணும்."

அல்சீட் பியானோ முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடினான். பெட்டி, மெழுகுவர்த்தி, பவுடர் போட்ட முகங்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. காலம்பூரா! அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. பாவம்தான், ஆனால் வேறு வழி இல்லை.

பீன்ஸ் பாட்டை விட்டுவிட்டு, கல்லறைக்குப் போகும்போது பேண்டுக்காரர்கள் ஊதுகிற துக்கப்பாட்டை ஆரம்பித்தான். மெதுவாக, இழைத்து இழைத்து. கெஸ்லர் புருவத்தைத் தூக்கினார். தடுப்புக்கு அந்தப் பக்கம் சீட்டி நின்றது. நாற்காலி நகர்ந்தது, ரோஷோன் எழுந்து தொப்பியைக் கழற்றியிருப்பார், சத்தியமாக. இரண்டு வரி போயிற்று. மூன்றாவது வரியில், பெட்டி இன்னும் தெருமுனைகூடத் தாண்டாத அந்த இடத்தில், அல்சீட் இடது கையை உருட்டிவிட்டு நேராகப் பீன்ஸில் குதித்தான்.

டக், டக்!

பலகை அதிர்ந்தது. அல்சீட் அடுத்த அடிக்குப் போனான். டக், டக்! சரியாகப் பள்ளத்தில் வந்து உட்கார்ந்தது. லூஷியன் பல்லைக் காட்டிக்கொண்டு கூடச் சேர்ந்தான். தடுப்புக்குப் பின்னாலிருந்து ரோஷோனின் குரல் வெடித்தது: "இன்னும் அடக்கம் ஆகலடா! அடேய், இன்னும் அடக்கம் ஆகல!" டக், டக்!

பாட்டு முடிந்ததும் கெஸ்லர் எழுந்து நின்றார். "யாருப்பா அது? அந்த ஆளு என்ன சம்பளம் கேக்குறாரு?"

திரும்பி வந்து ரோஷோன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திக் கோட்டை எடுத்து மடியில் வைத்துத் தடவினார். உள்துணியில் அல்சீட்டின் பேர் மஞ்சள் நூலில் தைத்திருந்தது. அதைப் பார்த்ததும் அல்சீட்டுக்கு ஜெயித்தவன் மாதிரியே இல்லை.

"குடுங்க மாமா, மேடையில போட்டுக்கிறேன்."

"கை நீளம் கொஞ்சம் பாத்துக்க," என்றார் கிழவர், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

கோடைக்குள் அந்த ரெக்கார்டு காசு போட்டால் பாடுகிற எல்லாப் பாட்டுப்பெட்டியிலும் ஓடியது. எங்கிருந்தெல்லாமோ ஆட வந்தார்கள். சுவரில் டக் டக் கேட்டால் போதும், மிஸ் யூலாலி கடை மொத்தமும் "இன்னும் அடக்கம் ஆகலடா!" என்று கூரை பிய்யக் கத்தும்.

ஒருநாள் சாயங்காலம், பள்ளம் வந்தது, தட்டு வரவில்லை. அடுத்த பள்ளத்திலும் இல்லை. அல்சீட்டுக்குப் பகீரென்றது. மனிதருக்கு வயசாச்சே! லூஷியனை வாசிக்கச் சொல்லிவிட்டு, கறுப்புக் கோட்டோடு பக்கத்து வீட்டுக்குள் பாய்ந்தான். பெட்டியைச் சுற்றி அழுகிறவர்களை விலக்கிக்கொண்டு போனால், ரோஷோன் சுவரோரம் நன்றாகத்தான் நிற்கிறார், கைத்தடியைத் தூக்கியபடி.

"என்ன மாமா ஆச்சு? பயந்தே போனேன்!"

"தட்டினா சிரிக்கிறானுங்க. தட்டலேன்னா பாட்டு நொண்டுது. நான் என்னதான்டா பண்றது?"

அல்சீட்டுக்கு அப்பாடா என்று மூச்சு வந்தது. பக்கத்தில் இருந்ததைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"மாப்ள," என்றார் ரோஷோன், "கையை எடு. திருமதி பெர்ரேயோட தோள் அது."

அல்சீட் குனிந்து பெட்டிக்குள் பார்த்தான். அப்படியே வேரோடு சாய்ந்தான். ரோஷோன் பதறிப்போய், யாராவது ஓடி வாங்களேன் என்று சுவரை ஓங்கி ஓங்கித் தட்டினார்.

சுவருக்கு அந்தப் பக்கம் கடையே எழுந்து ஆட ஆரம்பித்தது.