புகைப்புரை என்று எழுதிய தாள்

புத்தக அட்டையின் உட்புறம் ஒட்டும் பெயர்ச்சீட்டுகளை அப்போது நான் பலாக்கட்டையில் செதுக்கி அச்சடிப்பேன். ஒரு தெங்கு, ஒரு தோணி; அடியில் 'இன்னாருடைய புத்தகம்'. யாருக்குச் செய்தாலும் ஒன்றை என் நோட்டில் ஒட்டி, கீழே பெயரையும் இருப்பிடத்தையும் அவர்கள் கையாலேயே எழுத வைப்பேன். எழுதாத சீட்டு என் சேகரிப்பில் சேராது.

மலையாள ராஜ்யத்தில் இருந்த தமிழ்ப் பகுதிகளைச் சென்னையோடு சேர்க்கச் சொல்லி ஊர்வலம் போன சித்தப்பா மகனைப் போலீஸ் தேடிக்கொண்டிருந்தது. ஒளிந்து வந்து சீட்டு வாங்கியவனிடமும் நான் விடவில்லை. "இப்ப இருக்கிய இடத்தை எழுதுலே."

"எக்கா, போலீசுக்கு வழிகாட்டவா?" என்று சிரித்தான். எழுதினான்: வெள்ளறடை, ரப்பர்த் தோட்டத்துப் புகைப்புரை. ரப்பர்த் தகடுகளைப் புகைபோட்டு உலர்த்தும் கொட்டகை அது.

ஞாயிறு, கோயில் விட்டு வந்தால் கொல்லயில் ஊரில் எங்கள் வீட்டுக்குள் போலீஸ். அரிசிப்பெட்டி கவிழ்ந்து கிடந்தது. சப்-இன்ஸ்பெக்டர் மடியில் என் நோட்டு.

"இதெந்தா?"

"புஸ்தகத்தில ஒட்டுத பேருச்சீட்டாக்கும் சார்."

மலையாளத்துக்காரர். தமிழை எழுத்தெழுத்தாகக் கூட்டினார். "காஞ்... சிரங்... குளம்." அடுத்த தாள். அடுத்தது. இன்னும் மூன்று தாள் புரண்டால் அவன். அம்மை அடுப்படியில் அசையாமல் நின்றாள்.

"எனிக்கும் ஒண்ணு செய்யாமோ? ஒரு ஆன வேணும்."

"செய்யலாம் சார். பேரும் இடமும் உங்க கையால எழுதணும். அதாக்கும் இதுக்க சட்டம்."

நோட்டை அவர் கையிலிருந்து வாங்கிக் கடைசித் தாளைப் பிரித்து நீட்டினேன். எழுதினார். வாசலில் நின்ற கான்ஸ்டபிள், "ஏமானுக்க பேரும் நோட்டுல விழுந்தாச்சு" என்று முனகினான்.

"புதனாழ்ச்ச வரும்" என்று சப்-இன்ஸ்பெக்டர் சொல்ல, நோட்டை விட்டுவிட்டுப் போனார்கள்.

அன்றே சித்தப்பா மகன் எழுதிய தாளைப் பிளேடால் அறுத்து அடுப்பில் போட்டேன். மூன்று நாளும் யானை செதுக்கினேன். தும்பிக்கை இரண்டு தடவை உடைந்தது. நான் வருவதற்குள் அந்தத் தாளைப் பார்த்திருப்பாரோ? சேதி அனுப்பவும் பயம். போகிற ஆளைப் பின்தொடர்ந்தால்?

புதன் வந்தார். தன் சீட்டைத் தானே மரச்சீனிக் கிழங்குப் பசை தடவி ஒட்டினார். பின்னோக்கிப் புரட்டிய விரல், அறுத்த விளிம்பில் நின்றது.

"இவிட ஒரு தாள் போயல்லோ."

"கறையான் சார்."

"கறையான் இத்ர நேரே வெட்டுமோ?"

என் முகத்தையே பார்த்திருந்தார். பிறகு மீதிச் சீட்டுகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஜீப் ஏறினார். அது வெள்ளறடைக்குப் போகாமல் எதிரே நெய்யாற்றின்கரைப் பக்கம்தான் திரும்பியது. இருந்தும், அம்மையை அடுத்த பஸ்ஸில் வெள்ளறடைக்கு ஏற்றினேன்.

"என்ன சொல்லணும் மக்கா?"

"இடம் மாறச் சொல்லுங்க. எங்கேன்னு என்கிட்டச் சொல்ல வேண்டாம்."