மேஜர் மூடிய பை

மில்லில் புதிதாகச் சேரும் பொறியாளர்கள் என்னிடம் மோட்டாரைப் பற்றிக் கேட்பார்கள். நான் முதலில் சொல்வது மில் கேட்டைப் பற்றி.

1. முதல் நாள்

கோவில்பட்டிக்கு வெளியே ஒரு நூற்பாலையின் மின்பிரிவில் சேர்ந்தேன். அங்கே செக்யூரிட்டி ஆபீசர் என் அப்பா. ராணுவத்தில் மேஜராக ஓய்வு பெற்றவர். சென்னையில் பெரிய சம்பளத்துக்குக் கூப்பிட்டும் போகவில்லை; எங்களைப் பிரிந்து இருந்தது போதும் என்றார். ராணுவத்திலிருந்து லீவில் வரும்போதெல்லாம் எங்கள் பள்ளி ஷூக்களை வரிசையாக வைத்து அவரே பாலிஷ் போடுவார்.

ஷிப்ட் முடிந்ததும் தொழிலாளிகள் பையை மேசைமேல் திறந்து காட்ட வேண்டும். ஆபீஸ் ஆட்களுக்கு அந்த விதி இல்லை. ஆனால் அப்பா என்னைப் பெண்கள் வரிசையின் முன்னால் நிறுத்தினார். “எம்மக பையத் தெறந்த பொறவுதான் உங்க பை” என்றார். எனக்குக் கூச்சம். அவர்களுக்கு அது பிடித்திருந்தது.

2. பஞ்சு

பேச்சியம்மாள் நூல் நூற்கும் ரிங் பிரேம் ஓட்டுபவள், கழுகுமலைக்காரி. ஒருநாள் அவள் தூக்குவாளியில் ஒரு கை பஞ்சு இருந்தது. பிள்ளைக்குக் காதில் சீழ் வடிகிறது, அதற்குத்தான் என்றாள். அப்பா விதிப்படி அவளை மேனேஜரிடம் அனுப்பினார். அவர் அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

3. மல்டிமீட்டர்

அடுத்த மாதம் ஒரு சாயங்காலம், மின்சாரம் அளக்கும் மில்லின் மல்டிமீட்டர் என் பையிலேயே இருந்துவிட்டது. பேனல் வேலை முடித்த அவசரத்தில் போட்டது. அதை வெளியே கொண்டுபோகக் கேட் பாஸ் கிடையாது. அப்பா பையைத் திறந்தார், பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். ஜிப்பை மூடி, “போம்மா” என்றார்.

எனக்குப் பின்னால் நின்ற பெண்ணும் பார்த்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவளிடம் நிதானமாகச் சொன்னாள்: “ஏட்டி, எடுத்தா மீட்டர எடு. பஞ்சுக்குத்தான் வேல போவும்.”

அப்பா தலை நிமிராமல் அவள் பையைத் திறந்தார்.

வீட்டில் நான் மறந்துவிட்டதாகச் சொன்னேன். “நீ மறந்த. நான் மறக்கல” என்றார். சாப்பிடவில்லை.

4. ராஜினாமா

காலையில் இருவரும் மேனேஜரிடம் போய், மீட்டரை மேசைமேல் வைத்து நடந்ததைச் சொன்னோம். சொந்த மகள்தானே, விடுங்கள் என்று அவர் சிரித்தார். பேச்சியம்மாளைத் திரும்ப எடுக்கச் சொன்னார் அப்பா. முடியாது என்றதும் ராஜினாமாவை எழுதி வைத்துவிட்டு வெளியே வந்தார். நேராகக் கழுகுமலைக்குப் பஸ் ஏறினோம்.

பேச்சியம்மாள் வீட்டு வாசலில் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். அப்பா நின்றுகொண்டே நடந்ததைச் சொன்னார், தான் வேலையை விட்டதையும் சொன்னார். அவள் பசைக் கையைத் துடைக்கவில்லை.

“நீங்க விட்டா எனக்கு வந்துருமா சார்? உங்களுக்குப் பென்சன் இருக்கு, மானமா வீட்ல இருப்பிய. அந்த நாற்காலில இருந்தாத்தான எனக்காவ ஒரு வார்த்த கேக்க முடியும்?”

நான் சாக்கடை ஓரத்து வேப்பங்கன்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று மதியமே அப்பா ராஜினாமாவைத் திரும்பக் கேட்டு மேனேஜர் அறை வாசலில் காத்திருந்தார். “என்ன மேஜர், ஒரே நாள்ல ரிட்டயர்மென்ட் முடிஞ்சிட்டா?” என்று கேட்டுவிட்டுத்தான் அவர் அதைக் கொடுத்தார். அட்டென்ஷனில் நின்று வாங்கிக்கொண்டார் அப்பா.

அதன்பின் திங்கள்கிழமைதோறும் பேச்சியம்மாளுக்காக மேனேஜரிடம் போய்க் கேட்டார். கேட்டில் பெண்கள் மீட்டர், மீட்டர் என்று முணுமுணுத்தார்கள். அவர் கேட்டும் கேளாததுபோல் உட்கார்ந்திருந்தார். நானும் தினமும் அவர்களோடு வரிசையில் நின்றேன்.

புது ரிங் பிரேம்கள் வந்து ஆள் பற்றாக்குறை ஆனபோதுதான் பேச்சியம்மாளை எடுத்தார்கள். பழைய சர்வீஸ் போயிற்று. புது ஆளுக்கான சம்பளம். இந்த அளவுக்காவது நடந்ததே என்று மேனேஜர் சொன்னார். அப்பா அதற்கு நன்றி சொல்லவில்லை. எனக்கு ஒரு மெமோகூட வரவில்லை. அதே வருடம் பதவி உயர்வு வந்தது.

புதியவர்களுக்கு நான் சொல்வது இது. ஒரு தப்புக்கு உங்களைச் சும்மா விட்டால், அதே தப்புக்கு யாரை விடவில்லை என்று அன்றைக்கே விசாரியுங்கள். தள்ளிப்போட்டால், விட்டவர்களுக்கு நன்றி சொல்லப் பழகிவிடுவீர்கள்.