காமாலை என்று சொன்ன வீடு

தில்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில், பெரியப்பா வீட்டு மேஜைமேல் வைத்து அந்த டாக்டரம்மா வரைந்த எங்கள் வம்சப் படம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம். மார்பில் நோய் கண்டவர் என்றால் அந்த வட்டத்தைப் பேனாவால் கறுப்பாக்கிவிடுவார். என் அக்காவின் வட்டம் கறுப்பு. எங்கள் அம்மாவின் வட்டமும் கறுப்பு. அம்மாவுக்கு மூத்தவரான பெரியம்மாவின் வட்டம் மட்டும் வெள்ளையாக இருந்தது, பெரியப்பா உண்மையைச் சொல்லாததால்.

பிள்ளைகளே, என் அக்காவை, உங்கள் பெரிய அத்தையை, நீங்கள் பார்த்ததில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் அவருக்குக் கட்டி வந்து, ஆஸ்பத்திரியில் ஒரு பக்கத்து மார்பை எடுத்துவிட்டார்கள். ஒரே குடும்பத்தில் பல பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் ஏன் வருகிறது என்று அங்கே ஒரு டாக்டரம்மா ஆராய்ந்துகொண்டிருந்தார். வீட்டுப் பெண்களைப் பரிசோதிக்கிறேன், கொஞ்சம் ரத்தமும் வேண்டும் என்றார். அக்காவுக்கு உடனே நினைவு வந்தது பெரியப்பாவின் ஒரே மகள்தான். அவளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் அவளைக் காட்டிவிட வேண்டும் என்று அக்கா துடித்தார். நான் அச்சகத்தில் லீவு சொல்லிவிட்டு, அக்காவோடும் டாக்டரம்மாவோடும் பெரியப்பா வீட்டுக்குப் போனேன்.

பெரியப்பா எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. உங்கள் மனைவி எதனால் இறந்தார் என்று டாக்டரம்மா இந்தியில் கேட்டதும், "பீலியா, பீலியா" என்றார். காமாலையாம்! பெரியம்மா மார்பில் துணியைச் சுற்றிக்கொண்டு முனகிக் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "பெரியம்மாவுக்குப் புண்ணு கழுவிவிட்டவ நான். காமாலைக்கு யாராவது மார்ல கட்டுப் போடுவாங்களா, பெரியப்பா?"

"வாயை மூடுடி! உனக்குப் போனது போச்சு. என் பொண்ணு கல்யாணத்தையும் சேர்த்துக் கெடுக்க வந்தியா? ஊசி குத்திப் பார்க்க எங்க வீட்டுப் பொண்ணு என்ன எலியா?" என்று கத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீயெல்லாம் ஒரு ஆம்பளை! அக்காவுக்கு ஜால்ரா போட வந்துட்டான்."

"ஆமா, போடறேன்" என்றேன். அவர் கையை ஓங்கினார். நானும் நகரவில்லை.

டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தக் குரல் எந்த மொழிக்காரருக்கும் புரியும். பேனாவை மூடினார். "ஜபர்தஸ்தி நஹி" என்றார், கட்டாயமில்லை என்று. ரத்தம் கொடுப்பதால் இந்தப் பெண்ணுக்கு இப்போது ஒரு லாபமும் கிடையாது, பின்னால் வரும் பெண்களுக்கு ஏதாவது தெரியவரலாம், அவ்வளவுதான் என்று இந்தியில் ஒளிக்காமல் சொன்னார். பைக்குள் அந்தப் படத்தை மடித்து வைக்கப் போனார்.

அப்போதுதான் அடுக்களை வாசலில் நின்றிருந்த பெரியப்பா மகள் முன்னால் வந்தாள். தில்லியிலேயே பிறந்தவள், அவளுக்குத் தமிழைவிட இந்திதான் வேகம். "டாக்டர்ஜி, மம்மிக்கும் இதேதான். காலா கர் தீஜியே" என்றாள். கறுப்பாக்கிவிடுங்கள்.

அப்பாவின் முகத்தை அவள் பார்க்கவேயில்லை. டாக்டரம்மாவை உள் அறைக்கு அழைத்துப் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். பெரியப்பா கதவை அடித்துக்கொண்டே இருந்தார். அக்கா கதவில் முதுகைச் சாய்த்து, காயம் ஆறாத உடம்போடு குறுக்கே நின்றார்.

அன்று அவளுக்குக் கட்டி எதுவும் இல்லை. ஆனால் விஷயம் வெளியே தெரிந்து, பேசிய சம்பந்தம் முறிந்தது. அக்காவின் நிழல்கூட இங்கே விழக் கூடாது என்றார் பெரியப்பா. பிறகு அக்கா இறந்தபோது முகம் பார்க்கவும் வரவில்லை. பெரியப்பா இறந்தபோது நானும் போகவில்லை. பெரிய மனசு பண்ணியிருக்கலாமே என்பார்கள். எனக்கு அப்படி ஒரு மனசு இல்லை, இன்றைக்கும் இல்லை.

அந்தப் பெண்ணுக்குப் பல வருஷம் கழித்துக் கட்டி வரத்தான் செய்தது. அன்று தாழ் போட்ட அறையில், அவளே தன் கையால் தடவிப் பார்க்க டாக்டரம்மா கற்றுக்கொடுத்திருந்ததால், பட்டாணி அளவு இருக்கும்போதே கண்டுபிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். பிழைத்தாள்.

தில்லி துவாரகாவிலிருந்து மாசாமாசம் போன் செய்து, "என்னடி, பார்த்துக்கிட்டியா இல்லையா? ஜல்தி சொல்லு!" என்று அதட்டுகிறாளே உங்கள் சின்ன அத்தை, நீங்கள்கூட வெட்கப்பட்டுக்கொண்டு போனை என்னிடம் தள்ளிவிடுகிறீர்களே, அவள்தான். இனிமேல் தள்ளாதீர்கள். பதில் சொல்லுங்கள்.