அடுப்பில் எரிந்த நாவல்

கல்லூரிப் பேருந்தில் உடன் வந்த பையனை என் தங்கை விரும்பியது, அவன் விபத்தில் இறந்த பிறகே எங்களுக்குத் தெரிந்தது. சாப்பிடாமல், காதலனை இழந்த ஒரு பெண்ணைப் பற்றிய நாவலையே படித்துக்கொண்டிருந்தாள். ராஜபாளையம் வீட்டுக்கு வந்த பெரியம்மா, "இந்தக் கண்றாவியப் படிச்சுத்தான் புள்ள கெட்டுச்சு" என்று அதை வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டார்.

தங்கை அழவில்லை. "கடைசில அந்தப் பொண்ணு உசுரோட இருக்காளான்னு பாக்கணும்க்கா. இருந்தா நானும் இருந்துரலாம்னு நெனச்சேன்" என்றாள்.

என் கைக்குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் மனநல மருத்துவரிடம் அவளை உடனே அழைத்துக்கொண்டு கிளம்பினேன். "ஊரு என்னட்டி சொல்லும்?" என்று பெரியம்மா வாசலை மறித்தார்.

"இவ போயிட்டா ஊரா பெத்துத் தரும்?" என்று கத்தினேன்.

மருத்துவர் சொன்னபடி இப்போது தினமும் நேராகவே கேட்கிறேன்: "ஏட்டி, இன்னைக்குச் சாகணும்னு தோணுச்சா?" "ஆமா" என்று சொல்லிவிடுவாளோ என்று ஒவ்வொரு முறையும் பயமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.