வெள்ளிக்கிழமைக் கொலைகாரி

ஜெயசுந்தரிக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஆனாலும் அந்த ஒரு வருஷத்துக்குள் மூன்று புருஷன்களைக் கொன்றிருந்தாள். ஒருத்தனுக்குச் சாம்பாரில் பூச்சிமருந்து, இன்னொருத்தனுக்குத் தலையணை, மற்றவனை மொட்டைமாடியிலிருந்து ஒரே தள்ளு. இது போக, மருமகளைச் சமையலறையில் வைத்துப் பூட்டியதும், பக்கத்து வீட்டுக் கிழவியின் சங்கிலிக்காகக் கிழவியையே கிணற்றில் இறக்கியதும் உண்டு. எல்லாம் தெலுங்குச் சேனல் ஒன்றில் வெள்ளிக்கிழமை தோறும் ஓடிய குற்றத் தொடரில். நடந்த வழக்குகளைப் பேர் மாற்றி நடித்துக் காட்டுவார்கள். திரையின் அடியில் 'சித்தரிப்பு' என்று ஒரு எழுத்து எறும்பு மாதிரி ஓடும். கொலையைப் பார்க்கிறவன் எறும்பையா பார்ப்பான்?

மௌலா அலியில் தம்பி கலேபின் இரண்டறை வீட்டில்தான் அவள் இருந்தாள். ரயில்வே வேலைக்காகத் தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கமிருந்து இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்த குடும்பம். நாச்சாரத்தில் ஒரு மருந்துக் கம்பெனியில் மாத்திரை பாக்கிங் செய்துகொண்டிருந்தாள். கம்பெனி கதவைச் சாத்தியபோது அவளுக்கு நாற்பத்தாறு வயது. மாதாப்பூரில் கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்து, இருபத்திரண்டு வயசுப் பிள்ளைகளைக் கார் அனுப்பி அழைத்துப் போன காலம் அது. நாற்பத்தாறு வயசுக்காரியை யாரும் சைக்கிள் அனுப்பிக்கூடக் கூப்பிடவில்லை.

கூப்பிட்டவர் சாம்பசிவம் ஒருவர்தான். தொடரின் தயாரிப்பு நிர்வாகி. ஆஸ்பத்திரி செட் போடுவதற்குச் சர்ச் ஹாலை வாடகைக்குக் கேட்டு வந்தவர், அங்கே கிறிஸ்துமஸ் நாடக ஒத்திகை நடப்பதைப் பார்த்து நின்றுவிட்டார். அந்தச் சபையில் கெட்ட ராணி வேஷம் என்றால் வருஷா வருஷம் ஜெயசுந்தரிக்குத்தான். மற்றவர்கள் வசனத்தைக் கத்துவார்கள். இவள் இடது புருவத்தை மட்டும் தூக்குவாள். முன்வரிசைக் குழந்தைகள் அம்மா மடிக்குத் தாவும்.

"அம்மா, அந்தப் புருவத்த எனக்குக் கொடுத்துடுங்க. வசனமெல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்றார் சாம்பசிவம்.

முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. காய்கறிக்காரன் எடைக்கு மேல் இரண்டு தக்காளி போட்டு, "பூச்சிமருந்து நக்கோ, வேணாம் அக்கா" என்று கும்பிடு போட்டான். குழாயடியில் யாரோ ஒருத்தி வழிவிட்டாள். சர்ச் விருந்தில் அவள் பாயசம் ஊற்றப் போனபோது, சின்ன வயசிலிருந்து தெரிந்த கல்பகம் கப்பை நீட்டிவிட்டுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"நீ மொதல்ல ஒரு வாய் குடி சுந்தரி."

எல்லோரும் சிரித்தார்கள். ஜெயசுந்தரியும் சிரித்தாள். சிரித்து முடித்தும் கல்பகம் கப்பை நீட்டவில்லை.

பிறகு அந்த அத்தை கதை வந்தது. அண்ணன் வீட்டில் ஒண்டியிருக்கும் கல்யாணமாகாத அத்தை, அண்ணன் குழந்தையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு போய் விற்றுவிடுகிறாள். கதையைக் கேட்டதும் ஜெயசுந்தரி வேண்டாம் என்றாள்.

"எங்க வீட்லயும் அப்படி ஒரு கொழந்த இருக்கு சார். நான்தான் தெனம் கூட்டியாறேன்."

"உரலுக்குள்ள தலைய விட்டாச்சு, இனிமே உலக்கைக்குப் பயந்தா எப்படிம்மா?" என்றார் சாம்பசிவம். "நல்லா வரும் பாருங்க."

நன்றாகத்தான் வந்தது. அதுதான் வினை. கடைசியில் அவள் முகத்தைத் திரை முழுக்க நிறுத்தி, நிகழ்ச்சி நடத்துகிறவர் கேட்டார்: "உங்கள் குழந்தை இப்போது யாருடைய கையைப் பிடித்துக்கொண்டு வருகிறது?"

"மா அத்த! மா அத்த!" என்று டிவி முன்னால் கைதட்டினாள் கலேபின் ஐந்து வயசு மகள் ஜெமிமா. எங்க அத்தை என்று. அவளுடைய அம்மா கருணா கைதட்டவில்லை. தெலுங்குக்காரி, தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ், ரத்தத்தைப் பார்த்துப் பழகியவள். அவள் எழுந்து வந்து மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு டிவியை அணைத்தாள்.

மறுநாள் காலையில் திரைச்சீலைக்கு அந்தப்பக்கம் கருணா தணிந்த குரலில் பேசுவது ஜெயசுந்தரிக்குக் கேட்டது. பாப்பாவுக்கு ஆட்டோ வைத்துவிடலாம் என்றாள். கலேப், "இந்த மாசம் போவட்டும்" என்றான். 'எதுக்கு ஆட்டோ' என்று அவன் கேட்கவில்லை.

அந்தத் திரைச்சீலைக்கு இந்தப்பக்கம் அவள் உட்கார்ந்தது உட்கார்ந்தபடியே இருந்தாள். அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு வேலைதான். மத்தியானம் தார்நாக்காவில் பள்ளிக்கூட வாசலில் நிற்பது, ஒரு சின்னக் கை வந்து தன் கையைப் பிடிப்பது, இரண்டு பேருமாக பஸ் ஏறுவது. இந்த மாசத்துக்குள் ஒரு சிராய்ப்புக்கூடப் படாமல் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்தால் ஒருவேளை ஆட்டோ பேச்சு அடங்கிப்போகும். பட்டால், போச்சு.

திங்கட்கிழமை ஜெமிமா பள்ளிக்கூட வாசலில் ஐஸ் கேட்டாள். சளி பிடித்திருக்கிறது என்று ஜெயசுந்தரி வாங்கித் தரவில்லை. பஸ்ஸில் ஏறியும் பிள்ளை ஓயவில்லை.

"கண்ணு, அடம் பண்ணாத. வூட்டுக்குப் போயி அத்த பால் தரேன்."

"நாக்கு ஒத்து! நீதோ ரானு!" என்று கத்தினாள் ஜெமிமா. எனக்கு வேண்டாம், உன்கூட வரமாட்டேன் என்று. அவளுக்குத் தமிழ் புரியும். வாயில் வருவது தெலுங்குதான். ஜெயசுந்தரி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பிள்ளை உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு வீறிட்டது.

முன்சீட்டில் மஞ்சள் துப்பட்டா போட்ட ஒரு பெண் திரும்பினாள். குழந்தையைப் பார்த்தாள். பிறகு ஜெயசுந்தரியைப் பார்த்தாள். பார்வை அங்கேயே நின்றது.

"இந்தப் பாப்பா உங்களுக்கு என்ன வேணும்?" என்று தெலுங்கில் கேட்டாள்.

"என் தம்பி பொண்ணு" என்று ஜெயசுந்தரி தெலுங்கில்தான் சொன்னாள். பிறந்து வளர்ந்தது இந்த ஊர்தான் என்றாலும் அவள் தெலுங்கில் தமிழ் வாடை போகாது. பதற்றத்தில் இன்னும் கூடிவிட்டது.

"உங்க தம்பி பொண்ணா? நீங்க பேசுறது ஒரு பாஷை, அது பேசுறது ஒரு பாஷையா இருக்கே?"

பின்னாலிருந்து ஒரு கல்லூரிப் பெண், "ஏய், டிவில வர்ற ஆண்ட்டி!" என்றாள். அவள் சந்தோஷமாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தச் சொல் பஸ்ஸுக்குள் நெருப்பு மாதிரி ஓடியது. யார், எந்த ஆண்ட்டி, அந்தக் குழந்தையை வித்தாளே அவளா? நின்றுகொண்டிருந்தவர்கள் நெருங்கினார்கள். ஜெயசுந்தரிக்கு முன்னால் சட்டைப் பொத்தான்களும் டிபன் பைகளும்தான் தெரிந்தன. காற்று நின்றுபோன மாதிரி இருந்தது.

"அது நடிப்புங்க. நெஜமில்ல" என்றாள்.

"நிஜக் கேசுன்னுதானே போட்டான்?" என்றது ஒரு வெள்ளைச் சட்டை. "ஜெயில்லேர்ந்து கூட்டியாந்து எடுக்குறாங்களாம். எங்க மச்சான் சொன்னான்."

மஞ்சள் துப்பட்டா குனிந்து, "பாப்பா, ஈமெ எவரு?" என்று கேட்டாள். இந்தம்மா யார்?

பஸ்ஸே காது கொடுத்தது. ஜெமிமா மூக்கை உறிஞ்சினாள். "மா அத்த" என்றாள்.

அப்பாடா என்று ஜெயசுந்தரி மூச்சு விடுவதற்குள், இத்தனை பேர் தன்னையே பார்ப்பதில் பிள்ளைக்குப் பெருமை வந்துவிட்டது. அழுகையை நிறுத்தி, கண்ணை அகல விரித்து, கூடவே சொன்னாள்: "டிவிலோ பாப்பனி அம்மேசிந்தி!" டிவியில் பாப்பாவை வித்துட்டா.

"பார்த்தியா! அதுலயும் அத்தைதானே!" என்றான் வெள்ளைச் சட்டை.

உண்மையைச் சொன்னால் தப்பலாம் என்று படித்திருக்கிறோம். இங்கே உண்மைதான் அவள் கழுத்தைப் பிடித்தது. அத்தைதான், கல்யாணமாகாதவள்தான், தம்பி வீட்டில்தான் இருக்கிறாள். எதைக் கேட்டாலும் அவள் சொன்ன பதில் வெள்ளிக்கிழமைக் கதையாகவே இருந்தது. கண்டக்டர் கலேபின் நம்பரைக் கேட்டு வாங்கி அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. தம்பி வேலை பார்க்கும் நாச்சாரத்து ஃபேக்டரியில் செல்போனை வாசல் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும் என்று அவள் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"நம்பரும் டூப்பு. பஸ்ஸை நேரா ஸ்டேஷனுக்கு விடு!"

வெள்ளைச் சட்டை அவள் முழங்கைக்கு மேலே பிடித்து முறுக்கினான். மஞ்சள் துப்பட்டா குழந்தையின் இன்னொரு கையைப் பிடித்து இழுத்தாள். ஜெயசுந்தரி விடவில்லை. பிள்ளை நடுவில் கயிறு மாதிரி நீண்டது. யாரோ ஓங்கிய கை ஒன்று தலைக்கு மேல் தெரிந்தது. அந்த அடி தன்மேல் விழட்டும், பரவாயில்லை. தவறிப் பிள்ளைமேல் விழுந்தால்? இன்னும் ஒரு இழுப்பு இழுத்தால் அந்தத் தோள் தாங்குமா?

ஜெயசுந்தரி கையை விட்டுவிட்டாள்.

ஜெமிமா அந்த அறியாத மடியில் போய் விழுந்தாள். திரும்பிப் பார்த்து ஒருதரம் அழுதாள். அப்புறம் பிஸ்கட் கொடுத்தார்கள், தின்றாள். பிஸ்கட்டில் ஒட்டிய க்ரீமை நக்கிக்கொண்டு அந்தப் பெண்ணின் வளையல்களை உருட்டி விளையாடினாள். எவள் கொடுத்தாலும் வாங்குமா இந்தப் பிள்ளை, எவள் மடியிலும் உட்காருமா என்று ஜெயசுந்தரி அந்த வளையல் கையையே பார்த்தாள். இத்தனை நேரம் ஜனங்களிடம் இருந்த பயம் ஒன்று, இது வேறு. இது எலும்புக்குள் இறங்கியது.

ஸ்டேஷனில் இருந்த ஏட்டு நல்ல மனுஷன். டிவியும் பார்ப்பார்போல, அவளைக் கண்டதும் ஒரு கணம் அவர் புருவமும் ஏறியது. ஆனாலும் டைரக்டரியைப் புரட்டி ஃபேக்டரி ஆபீஸுக்கே போன் போட்டார். கலேப் வரும்வரை அவளைப் பெஞ்சின் ஒரு கோடியிலும் பிள்ளையை மறுகோடியிலும் உட்கார வைத்தார்கள்.

கலேப் நீல யூனிஃபாரத்தோடு, கையில் கிரீஸோடு ஓடிவந்தான். மகளை வாரி எடுத்துக் கையைப் பார்த்தான், காலைப் பார்த்தான், கழுத்தைத் திருப்பிப் பார்த்தான்.

"இவங்க உன் அக்காவா?" என்று ஏட்டு கேட்டார்.

கலேப் அவளைப் பார்த்தான். ஒரு நொடி இருக்கும். அந்த நொடியில் அவன் கண்ணில் இருந்தது தம்பியின் பார்வை இல்லை. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரின் பார்வையும்தான். பிறகு அது போய்விட்டது.

"ஹவ் சார், ஆமா. எங்க அக்காதான்."

வெளியே வந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி: "புள்ள கைய காய்க்கு வுட்ட நீ? ஏன் வுட்ட?"

"வுடலன்னா ரெண்டா பிச்சிருப்பாங்கடா" என்றாள்.

சாயங்காலம் டூட்டி முடிந்து வந்த கருணா எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டாள். ஜெயசுந்தரி தன் இரண்டு புடவையை எடுத்துக்கொண்டு எங்கே போகலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். கருணா வந்து அவள் ரவிக்கைக் கையைச் சற்று மேலே தள்ளினாள். நாலு விரலும் பதிந்து நீலமாய்க் கன்றிப்போயிருந்தது.

"கொட்டாரா வதினா?" அடித்தார்களா என்றாள்.

"இல்லம்மா. புடிச்சாங்கோ, அவ்ளோதான்."

கருணா எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்து தடவினாள். தடவிக்கொண்டே, நாளைக்கும் நீங்களே பாப்பாவைக் கூட்டி வாருங்கள் என்றாள், ஆட்டோ வேண்டாம் என்றாள். இந்த ஒரு வார்த்தைக்குத்தான் சனிக்கிழமை காலையிலிருந்து ஜெயசுந்தரி காத்திருந்தாள். வந்தபோது அவளால் அதை வாங்கிக்கொள்ள முடியவில்லை.

"என்னால ஆவாதும்மா. எனக்குப் பயமாருக்கு. பஸ்காரங்களுக்குப் பயந்து இல்ல. அது அந்தப் பொம்பள மடியில உக்காந்துச்சு பாரு, சிரிச்சிக்கினு... அவ நல்லவ. நல்லவளா இல்லாம போயிருந்தா?"

கருணாவின் கை நின்றது. "நாக்கு கூடா பயம் வதினா" என்றாள். எனக்கும்தான். அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து தூக்கமில்லை என்று தெலுங்கிலேயே சொன்னாள். உங்களை நினைத்தா, வேறு யாரை நினைத்தா என்று தனக்கே தெரியவில்லை என்றும் சொன்னாள்.

மறுநாள் கருணா அரைநாள் லீவு போட்டாள். பள்ளிக்கூட வாசலில் இருவருமாக நின்றார்கள். பஸ் ஸ்டாப்பில் ஒரு அம்மாள் ஜெயசுந்தரியைக் கண்டதும் தன் பையனை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஏமண்டி சூஸ்துன்னாரு? மா வதின" என்றாள் கருணா, சட்டென்று. என்ன பார்க்கிறீர்கள், எங்கள் நாத்தனார். அந்த அம்மாள் தலையைத் திருப்பிக்கொண்டாள், பையனை விடவில்லை.

நடுவில் நின்ற ஜெமிமா இரண்டு பக்கமும் கையை உதறினாள். வலிக்கிறது, விடுங்கள் என்று சிணுங்கினாள். பஸ் வந்து நின்று, படியேறி, சீட்டில் உட்காரும்வரைக்கும் இருவரில் ஒருத்தியும் விடவில்லை.