கொட்டேஷன் மட்டும் குடுங்க, போதும்

மற்ற வியாபாரங்களில் சரக்கைக் காட்டி விலை சொல்வார்கள். எங்கள் வியாபாரத்தில் சரக்கே இல்லாமல் நாள் முழுக்க விலையை மட்டும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். என்னைப் போல் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்கும் கடை போட்டு, ஈ ஓட்டிய சகோதரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வாடிக்கையாளர் வருவார், கொட்டேஷன் கேட்பார். பிராசசரில் ஆரம்பித்து மௌஸ் பேட் வரை ஒவ்வொன்றாக விலை போட்டுக் கொடுப்போம். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த கடையில் போய்க் காட்டுவார். திரும்பி வந்து ஆர்டர் கொடுத்தால்தான் நாங்கள் ரயிலேறி ரிச்சி தெருவுக்குப் போய்ச் சாமான் வாங்கிவந்து மாட்டிக் கொடுப்போம். திரும்பி வந்தால்.

கடை குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்தது. நானும் என் அக்கா புருஷன் யூசுப் மச்சானும் நடத்தினோம். மச்சான் தம்மாமில் பல வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். ஒரு தடவை லீவில் வந்தபோது, மகள் சமீரா அவரைப் பார்த்து அக்காவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டாள். லீவு முடிந்து அவர் பெட்டி கட்டுகிற அன்றைக்குத்தான் மெல்ல மடியில் வந்து உட்கார்ந்தாள். அதோடு மச்சான் சவூதிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஊருக்கே வந்து, சேர்த்ததையெல்லாம் கடையில் போட்டார். கடை ஓடினால் அவர் மேற்குத் தாம்பரத்தில் பெண்டாட்டி பிள்ளையோடு இருப்பார். ஓடாவிட்டால் மறுபடி விமானம்தான். இது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். கொட்டேஷன் வாங்கிப் போனவர்களுக்குத் தெரியாது, பாவம்.

மணி அடிக்கிற கம்பெனி

அந்தக் காலத்தில் எங்கள் வாடிக்கையாளர்களைப் பொறுத்தவரை பிராசசர் செய்கிற கம்பெனிகள் இரண்டு. ஒன்று டிவியில் விளம்பரம் போடும், முடிவில் டிங் டிங்கென்று மணி அடிக்கும். இன்னொன்றுக்கு மணியும் கிடையாது, விலையும் குறைவு. வீட்டு உபயோகத்துக்கு இரண்டும் ஒன்றுதான் என்று நான் தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரும்புலியூரிலிருந்து ஸ்டெல்லா டீச்சர் என்று ஒருவர் வந்தார். மகன் ப்ளஸ் டூ படிக்கிறான், வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும், கைக்கு அடக்கமான விலையில் வேண்டும். நான் மணி அடிக்காததைச் சிபாரிசு செய்தேன். நம்பிக்கை வர வேண்டுமே என்று, சர்வீசுக்கு வந்திருந்த இரண்டு சிஸ்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே படத்தை இரண்டிலும் ஓட்டிக் காட்டினேன். டீச்சர் பரீட்சைப் பேப்பர் திருத்துகிற கவனத்தோடு இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வித்தியாசமே தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. அட்வான்ஸ் எடுக்கப் பர்ஸைத் திறந்தவர், எதற்கும் இருக்கட்டும் என்று கம்ப்யூட்டர் தெரிந்த கொழுந்தனாருக்கு ஒரு போன் போட்டார். பேசி முடித்ததும் பர்ஸை மூடினார்.

"அது ரொம்ப சூடாகுமாமே தம்பி! அப்புறம் அந்த ரூமுக்கு ஏசி வேற போடணும். நீங்க மணி அடிக்கிறதுக்கே ஒரு கொட்டேஷன் குடுங்க, நான் வெளிய விசாரிச்சுக்கறேன்."

ரெண்டு மண்டை

ஒரே பிராசசருக்குள் இரண்டு கோர் வைத்து விற்க ஆரம்பித்த புதிது. அதுவரை மூன்று கிகாஹெர்ட்ஸ் என்று பெருமையாக விற்றுக்கொண்டிருந்தோம். புதிதாக வந்ததில் ஒன்று புள்ளி எட்டு என்றுதான் போட்டிருந்தது. ஆனால் அது பழையதை விட வேகமாக வேலை செய்தது. இதை மனுஷர்களுக்கு விளக்குவதற்குள் எனக்குப் பாதி ஆயுள் போய்விட்டது.

சர்வேயராக இருந்து ரிடையர் ஆன ஒருவர், இன்ஜினியரிங் காலேஜில் சேர்ந்திருக்கும் மகனுக்காக வந்தார். விலையைக் கிகாஹெர்ட்ஸால் வகுத்துப் பார்த்துத்தான் எதையும் வாங்குவேன் என்றார். அவர் கணக்குப்படி புதியது சுத்த மோசடி. நான் இரண்டு தலை இருக்கிற ஆள் மாதிரி என்று சொல்லிப் பார்த்தேன். இரண்டு கவுன்டர் இருக்கிற ரேஷன் கடை மாதிரி என்றேன். மச்சான் தன் பங்குக்கு கரண்டில் இரண்டு பேஸ் லைன் வருகிற மாதிரி என்று ஏதோ சொல்லி, இருந்த குழப்பத்தையும் கூட்டினார். கடைசியில் சர்வேயர் தானாகவே ஒன்று புள்ளி எட்டையும் ஒன்று புள்ளி எட்டையும் கூட்டி மூன்று புள்ளி ஆறு என்று கண்டுபிடித்தார். அப்படிக் கூட்டக் கூடாது. ஆனால் வியாபாரம் ஆகட்டும் என்று வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினேன். மனுஷர் முகமெல்லாம் சிரிப்பு. எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்! அப்ப நாலு மண்டை வர்ற வரைக்கும் பொறுத்துட்டு, ஒரேயடியா வாங்கிக்கறேன்."

ரிச்சி தெருவுக்கு ஒரு துணை

பேங்க் குமாஸ்தா ஒருவர் ஆர்டர் கொடுத்தார், அட்வான்ஸும் கொடுத்தார். ஒரே ஒரு கண்டிஷன்: சாமான் வாங்கப் போகும்போது தானும் கூட வருவேன் என்றார். வேண்டாம் என்று சொன்னால் சந்தேகம் வருமே. கூட்டிக்கொண்டு போனேன். பார்க் ஸ்டேஷனில் இறங்கி நடக்கிற வரைக்கும் என்னோடு அன்னியோன்யமாகப் பேசிக்கொண்டு வந்தவர், முதல் கடையில் மொத்த விலையைக் காதால் கேட்டதும் பேச்சை நிறுத்திவிட்டார். ஒவ்வொரு கடையாக ஏறி, ஒவ்வொரு டப்பாவையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொறுமையிழந்த ஒரு கவுன்டர்க்காரர், "இன்னா சார், பொண்ணு பாக்க வந்தா மாதிரி பாத்துகினே கீற? வோணுமா, வாணாமா?" என்று கேட்டும்விட்டார். குமாஸ்தா, வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று என்னோடு வெறுங்கையாக ரயிலேறினார். மறுநாள் அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து ஆட்டோவில் வந்து இறங்கினார். எல்லாச் சாமானும் தானே போய் வாங்கிவந்திருந்தார், நாங்கள் சும்மா மாட்டிக் கொடுத்தால் போதுமாம். எனக்கு வந்த கோபத்துக்கு டப்பாவோடு கீழே தள்ளியிருப்பேன். மச்சான்தான் வாசலுக்கு வந்தவரை விரட்டக் கூடாது என்று டப்பாக்களைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிராசசர் ஒரு கம்பெனியுடையது, மதர்போர்டு மற்ற கம்பெனிக்கானது. ஒன்றில் ஒன்று உட்காரவே உட்காராது. இரண்டுமே தனித்தனியாகப் பார்த்தால் அந்தத் தெருவிலேயே மலிவான விலை. அதை எடுத்துச் சொன்னோம். குமாஸ்தா குனிந்து உற்றுப் பார்த்துவிட்டு, எங்கள் அனுபவத்தின் மேல் முழு நம்பிக்கையோடு சொன்னார்.

"கொஞ்சம் அழுத்தி மாட்டுங்க சார், போய் உக்காந்துடும்."

அஸ்தினாபுரத்து ஆர்டர்

எங்களைத் தூக்கி நிறுத்தும் என்று நான் நம்பிய ஆர்டர் இது. அஸ்தினாபுரத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திய ஒருவர் காலத்துக்கு ஏற்ப மாறலாம் என்று முடிவு செய்து, ஒரு ஹால் நிறையக் கம்ப்யூட்டர் போட விலை கேட்டு வந்தார். நான் ரிச்சி தெருவில் ஒவ்வொருவர் காலிலும் விழாத குறையாக விலை கேட்டு, எங்களுக்குக் காப்பிச் செலவுக்கு மட்டும் மிஞ்சுகிற மாதிரி ஒரு கொட்டேஷன் போட்டுக் கொடுத்தேன். இதற்குக் கீழே இறங்க யாராலும் முடியாது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆர்டர் கைக்கு வந்த பிறகு மச்சானிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.

அதன் பிறகு ஒரு நாள் நான் வெளியே போய்த் திரும்பினால், மச்சான் பேக்கரியிலிருந்து ஸ்வீட் பாக்ஸ் வாங்கி வைத்துக்கொண்டு நிற்கிறார். அவர் பெரும்பாலும் வீடு வீடாகச் சர்வீசுக்குப் போகிறவர், வருகிற போகிற வாடிக்கையாளர்களை அவ்வளவாகத் தெரியாது. யாரோ ஒரு பெரிய பார்ட்டி வந்தாராம். வேறு ஒரு கடை கொடுத்த விலையைத் தன் கையாலேயே ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தாராம். இதை விடக் குறைத்தால் இப்போதே ஆர்டர் என்றாராம். "எவனோ அடிமாட்டு ரேட்டு போட்டிருந்தான் மாப்ள. அவனையே அடிச்சுத் தூக்கிட்டேன்" என்று மச்சான் ஒரு ஜாங்கிரியை என் வாயில் திணித்தார். தாளை வாங்கிப் பார்த்தேன். அடிமாட்டு ரேட்டு போட்ட அந்த எவனோ நான்தான். ஒவ்வொரு விலையும் அஸ்தினாபுரத்துக்காரருக்கு நான் போட்டது. ஜாங்கிரியை முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

சொன்ன சொல்லை மாற்றக் கூடாது என்று மச்சான் பிடிவாதமாக இருந்தார். கைநஷ்டத்துக்கு அத்தனையும் மாட்டிக் கொடுத்தோம். அதில் விட்டதைக் கடைசி வரை எங்களால் பிடிக்க முடியவில்லை. அந்தப் பார்ட்டி தெரிந்துதான் செய்தாரா என்று எனக்கு ஒரே அரிப்பு. திறப்பு விழாவன்று, தேங்காய் உடைத்துச் சூடம் காட்டி முடித்ததும், இன்ஸ்டிட்யூட்காரரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்க் கேட்டேவிட்டேன். அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

"தப்பா நினைக்காதீங்க தம்பி. போன கடையிலெல்லாம் உங்க ரேட்டே கம்மின்னுட்டாங்க. அதான், உங்களை விடக் குறைக்கிறவர் உங்க கடையிலயே யாராவது இருக்காரான்னு பாத்தேன்."

ஆலோசனை இலவசம்

விழுந்த அடியிலிருந்து எழுவதற்குள் ஜி.எஸ்.டி. ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட ஷோரூம் ஒன்று வந்துவிட்டது. உள்ளே ஏசி, வாசலில் பலூன். மாதத் தவணை, கூடவே பிரிண்டர் இலவசம். டை கட்டிய பையன்கள் வருகிறவர்களையெல்லாம் 'குட் மார்னிங் சார்' என்று உட்கார வைத்தார்கள். எங்கள் மாடிப்படியில் ஏறுகிற காலடிச் சத்தமே நின்றுபோனது. யாராவது ஏறி வந்தால் அது கரண்ட் பில் கொடுக்க வந்தவராக இருக்கும்.

அப்படி இருந்த ஒரு நாளில் எங்கள் பழைய வாடிக்கையாளர், இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர், படியேறி வந்தார். புது கம்ப்யூட்டர் வாங்கப் போகிறேன் என்று அவர் சொன்னதும் மச்சான் நாற்காலியைத் துடைத்துப் போட்டார், டீ வரவழைத்தார். எந்தப் பிராசசர், எவ்வளவு மெமரி, எந்த மானிட்டர் கண்ணுக்கு நல்லது, எதில் பணத்தை விடக் கூடாது என்று மத்தியானம் பாதி போகிற வரைக்கும் பொறுமையாகப் பேசினார். நான்கூட ஒரு ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவு தெளிவாகச் சொன்னார். ஏஜென்ட் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு எழுந்தார். மச்சான் கொட்டேஷன் புத்தகத்தை எடுத்தார். ஏஜென்ட் அவர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"அதெல்லாம் வேணாம் பாய். நான் ஷோரூம்லதான் வாங்கறேன். அங்க இருக்கிற பசங்களுக்கு ஒண்ணும் தெரியல, அதான் எதை வாங்கறதுன்னு உங்ககிட்ட கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

அத்தா தெரிகிறார்

அவர் போனதும் மச்சான் கொட்டேஷன் புத்தகத்தை மூடி உள்ளே வைத்தார். குடித்த டீ கிளாஸ்களைக் கழுவி வைத்தார். அந்த வாரமே மண்ணடியில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்டைப் பார்க்கப் போனார். விசா வந்தது. சமீரா இப்போது ஒளிந்துகொள்கிற வயதைத் தாண்டி, ஸ்கூல் விட்டு வந்ததும் அத்தா அத்தா என்று அவர் காலைச் சுற்றுகிற பிள்ளையாகியிருந்தாள். மீனம்பாக்கத்தில் வழியனுப்பிவிட்டு நாங்கள் மூன்று பேரும் பஸ்ஸில் திரும்பினோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கொஞ்ச நாளில், கேமரா வைத்த கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தால் வெள்ளிக்கிழமைதோறும் முகம் பார்த்துப் பேசலாம் என்று மச்சான் அங்கிருந்து சொன்னார். அக்கா முதலில் சமீராவைக் கூட்டிக்கொண்டு ஷோரூமுக்குப் போய் விலை கேட்டுவிட்டுத்தான் என்னிடம் வந்தாள். "தம்பி கடைன்னாலும் நாலு இடம் விசாரிக்கணும்லடா" என்றாள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. கடையில் மிச்சம் இருந்ததில் நல்ல பிராசசரைப் போட்டு, பார்த்துப் பார்த்து மாட்டினேன். நான் மாட்டியதிலேயே நல்ல சிஸ்டம் அதுதான்.

முதல் வெள்ளிக்கிழமை. அக்கா பெருநாளுக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டாள். சமீரா தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு மானிட்டருக்கு முன்னால் உட்கார்ந்தாள். தம்மாமில் ஏதோ ஒரு பிரௌசிங் சென்டரிலிருந்து மச்சானின் குரல் வந்தது. முகம் வந்தது. வந்த முகம் கட்டம் கட்டமாக உடைந்து, வாய் பாதி திறந்தபடி அப்படியே நின்றது. குரலும் போய்விட்டது. இன்டர்நெட் லைனின் வேகம் அவ்வளவுதான், பிராசசர் என்ன செய்யும்? நான் வயரைப் பிடுங்கிச் செருகினேன், ரீஸ்டார்ட் செய்தேன், பலனில்லை. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சமீரா அந்த உடைந்த முகத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் சட்டையை இழுத்தாள்.

"மாமா, ஷோரூம்ல ஒரு கம்ப்யூட்டர்ல மீனெல்லாம் எவ்வளவு அழகா நீந்திச்சு தெரியுமா? அங்க வாங்கியிருந்தா அத்தா உடையாம தெரிவாங்களா?"

ரெண்டும் ஒண்ணுதான் கண்ணு என்று சொன்னேன்; ஆனால் இந்தத் தொழிலில் நான் சொல்லி இதுவரை யாரும் நம்பியதில்லை.