சத்தமில்லாமல் பறந்த குற்றம்

ஒரே ஓர் உறுப்பினர் கொண்ட சங்கத்துக்கு நான் தலைவனாக இருந்திருக்கிறேன். செயலாளரும் நானே. பொருளாளர் பதவியை மனைவிக்குத் தர முன்வந்தேன். "இருந்ததையெல்லாம் அந்த மோட்டார்ல போட்டாச்சு. நான் எதைப் பார்த்துக்கறது?" என்று கேட்டுவிட்டு அவள் வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். சேர்வராயன் மலையில் பொழுதுபோக்குக்காக விமானம் ஓட்டுகிறவர்களின் உரிமைகளைக் காப்பது சங்கத்தின் நோக்கம். மலை முழுக்க அப்படி ஓட்டுகிறவன் நான் ஒருவன்தான். ரப்பர் ஸ்டாம்ப்கூடச் செய்து வைத்திருந்தேன். இறக்கை முளைத்த சக்கரம் ஒன்று அதில் இருக்க வேண்டும் என்று சேலத்தில் சொல்லிவிட்டு வந்தேன். செய்தவர் கோழி என்று நினைத்துக்கொண்டு ஒரு கொண்டையும் வைத்துவிட்டார்.

விமானம் என்று சொல்வதும் பெருந்தன்மைதான். அதன் பெயர் பாரா மோட்டார். ஒரு பெரிய விசிறியை இன்ஜினோடு முதுகில் கட்டிக்கொள்ள வேண்டும். பின்னால் புல்லில் பாராசூட் துணியை விரித்துவிட்டு, காற்றுக்கு எதிராக ஓட வேண்டும். துணி தலைக்கு மேல் எழுந்து, கால் தரையை விட்டுவிட்டால் நீங்கள் விமானி. விடவில்லை என்றால், முதுகில் விசிறியோடு புல்வெளியில் ஓடும் ஒரு நடுத்தர வயதுக்காரர். முதல் சில வாரங்கள் நான் இரண்டாவது வகையில்தான் இருந்தேன்.

ஏன் இந்த வேலை என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு பதில் வைத்திருந்தேன். பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதிப் பிழைக்கிறவன் நான். எழுதுவதற்கு அமைதி வேண்டும் என்று சொல்லித்தான் சேலத்திலிருந்து மலையேறி, தலைச்சோலைப் பக்கம் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தோம். அமைதி கிடைத்த பிறகுதான், எழுத ஒன்றுமில்லை என்பது தெரிந்தது. பறப்பதைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். படித்தவனுக்கு வரும் கேடு இதுதான்: ஒன்றைப் பற்றி நிறையப் படித்துவிட்டால், அது தனக்கு வரும் என்று நினைத்துவிடுகிறான்.

மலையில் ஓடுவதற்குச் சமதளம் கிடைப்பது லேசில்லை. எங்கள் வீட்டுக்குக் கீழே இருந்த குடியிருப்பை ஒட்டி, ஊர் மாடுகள் மேய்வதற்கென்று ஒரு புல்வெளி இருந்தது. அதை விட்டால் அந்தச் சுற்று வட்டாரத்தில் ஒரு பக்கம் காபித் தோட்டம், மறுபக்கம் பள்ளம். அந்தப் புல்வெளி இல்லாவிட்டால் என் விமான வாழ்க்கையும் இல்லை. ஆகவே ஊருக்குப் பொறுப்பான ஊர்க்கவுண்டரிடம் போய், "சாயங்காலத்தில் இங்கே கொஞ்சம் ஓடிக்கொள்ளலாமா?" என்று கேட்டேன்.

"ஓடுங்க சாமி. ஒடம்புக்கு நல்லதுதானுங்க" என்றார் அவர். என்னைவிட மூத்தவர். எனக்குச் சர்க்கரை வியாதி என்று நினைத்திருப்பார். நானும் திருத்தவில்லை.

சாயங்காலம் என்று நான் கேட்டதற்குக் காரணம் உண்டு. இந்த விசிறி வண்டிக்கு அசையாத காற்று வேண்டும். காலையில் மூடுபனி. பகலில் பள்ளத்திலிருந்து காற்று எழும்பி வந்து துணியை முறுக்கும். வெயில் சாயும்போதுதான் காற்று படுக்கும். அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு.

ஒருவழியாகப் பறக்கத் தொடங்கியதும், ஏர்க்காட்டில் ஒண்டிக்கடை என்கிற முக்கில் நான் டீ குடிக்கும் கடையில் எனக்கு மரியாதை கூடியது. கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்பார்: "மேல இருந்து பார்த்தா என்னென்னங்க தெரியும்?" நான் கையை நீட்டிச் சொல்வேன். மேற்கே மேட்டூர் அணை. தண்ணீர் வெள்ளித் தகடு மாதிரி. தெற்கே சேலம், அதன் ரயில் பாதைகள். சேர்வராயன் கோயில் மலை உள்ளங்கையில் வைத்தது மாதிரி. எஸ்டேட் மரங்களுக்கு நடுவே மிளகுக் கொடியில் ஏணி சாத்தியிருப்பதுகூடத் தெரியும் என்று ஒருநாள் சொன்னேன். கடையில் இருந்தவர்கள் டீயைக் குடிக்காமல் கேட்டார்கள். எழுத்தாளனுக்கு அப்படி ஒரு கூட்டம் கிடைப்பது அபூர்வம்.

காபிப் பழம் பறிக்கும் பருவம் தொடங்கி, எஸ்டேட்டில் ஆட்கள் மும்முரமாக இருந்த சமயத்தில்தான் புகார் வந்தது. ஊர்க்கவுண்டர் இரண்டு ஆட்களோடு வீட்டுக்கு வந்தார். அவர்களுக்குப் பின்னால், வேலி ஓரமாக, பழம் பறிக்கப் போகும் பெண் ஒருத்தி வந்து நின்றாள்.

"ஏனுங்க, சத்தம் கொஞ்சம் நொம்பவா இருக்குதுங்க" என்றார் ஊர்க்கவுண்டர்.

"எந்தச் சத்தம்?"

"அந்த விசிறிங்க. சாயங்காலத்துல."

"மாடு மிரளுதுங்களா?"

"மாடு பழகிருச்சுங்க."

"பிள்ளைங்க படிக்க முடியலையா?"

"அதுக எங்கீங்க படிக்குது."

"அப்புறம் யாருக்குத் தொந்தரவு?"

அவர் என் வாசல்படியைப் பார்த்தார். கூட வந்த இருவரும் அதே படியைப் பார்த்தார்கள். "பொதுவா சொன்னனுங்க" என்றார்.

நான் எழுந்து நின்றுகொண்டேன். சங்கத் தலைவனாக நான் பேசிய ஒரே பேச்சு அதுதான். நிலத்துக்குப் பட்டா உண்டு, வானத்துக்கு இல்லை என்றேன். பொழுதுபோக்குக்காகப் பறக்கிறவனுக்கும் வானத்தில் ஒரு ஓரம் உண்டு என்றேன். லாரி சத்தத்தையும் கல்யாண ஒலிபெருக்கியையும் பொறுத்துக்கொள்ளும் சமூகம், ஒரு சிறிய இன்ஜினை ஏன் பொறுக்கக் கூடாது என்றேன். புராணத்தில் விமானம் வைத்திருந்தவர் யாராவது அக்கம்பக்கத்தில் அனுமதி கேட்டதுண்டா என்றும் கேட்டேன். அவர்களில் ஒருவர் அதை என்ன காரியத்துக்குப் பயன்படுத்தினார் என்பது பேச்சு வேகத்தில் நினைவுக்கு வரவில்லை.

ஊர்க்கவுண்டர் முழுக்கக் கேட்டார். "வானத்த நாங்க கேக்கலீங்களே. நீங்க ஓடற புல்லு மட்டுந்தான் எங்களுது. கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க" என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

வேலி ஓரத்துப் பெண் மட்டும் என் மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். "அது சத்தத்துக்கு வந்த ஆளு மாதிரி தெரியலையே" என்றாள் மனைவி. பெண்களுக்கு எதையும் நேராக எடுத்துக்கொள்ளத் தெரியாது என்று நான் விளக்கினேன்.

பேசியது வீராப்பாக இருந்தாலும், புல்வெளி போய்விடும் என்ற பயம் இரவெல்லாம் இருந்தது. காலையில் தீர்வு பிடிபட்டது. திரும்பி இறங்கும்போது நான் குடியிருப்பின் கூரைகளுக்கு மேலாகத்தான் வந்தாக வேண்டும். ஆனால் இன்ஜின் ஓடியாக வேண்டும் என்பதில்லை. சற்று உயரத்திலேயே அதை அணைத்துவிட்டால், துணி மட்டும் பருந்து மாதிரி மிதந்து, ஓசைப்படாமல் புல்வெளியில் கொண்டுவந்து இறக்கிவிடும். அண்டை அயலாருக்காக இவ்வளவு விட்டுக்கொடுக்கும் விமானி வேறு எங்கே இருப்பான் என்று எனக்கே என்மேல் மதிப்பு வந்தது.

அன்று மாலை ஊரை நெருங்கும் முன்பே இன்ஜினை அணைத்தேன். காதில் காற்று மட்டும். விறகுப் புகையின் மணம் மேலே வந்தது. அதோடு சோப்பு வாசனையும் வந்தது. கீழே யாரோ பேசிச் சிரிக்கும் சத்தம். பிறகு ஒரு கூச்சல், ஒரு பாத்திரம் கல்லில் விழுந்து உருளும் சத்தம், அடுத்த வீட்டிலிருந்து இன்னொரு கூச்சல். அமைதியாக வந்ததை ஊர் வரவேற்கிறது என்று எடுத்துக்கொண்டேன். சத்தம் வந்த பக்கமாகப் பண்போடு கையசைத்தேன்.

நான் இறங்கித் துணியை மடிப்பதற்குள் ஊர் புல்வெளிக்கு வந்துவிட்டது. கூச்சல் கேட்டு என் மனைவியும் மேலேயிருந்து இறங்கி வந்தாள். விசிறியைக் கழற்றக்கூட நேரமில்லை. அதை முதுகில் வைத்துக்கொண்டே நின்றேன். இந்த முறை ஊர்க்கவுண்டர் பேசவில்லை. வேலி ஓரத்தில் நின்ற பெண் பேசினாள். தலையில் ஈரத் துண்டு சுற்றியிருந்தாள்.

"இத்தன நாளு அந்தச் சத்தம் கேட்டா, ஆகாசத்துல வாராருன்னு துணிய இழுத்துப் போத்திக்குவோமுங்க. குளிக்க முடியலைன்னாலும் மானம் மிச்சம். இப்ப அதையும் நிறுத்திப்போட்டு, பூன மாதிரி வாரீங்க. நாங்க என்னதாங்க பண்றது?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அங்கே வீட்டுக்குப் பின்னால் ஆளுயரத்துக்குத் தட்டி கட்டிய மறைப்புதான் குளியலறை. மேலே கூரை கிடையாது. பழம் பறித்துப் பிசுக்கேறிய கையோடு வேலை முடிந்து வருகிறவர்கள், வெயில் இறங்குவதற்குள் விறகு மூட்டிச் சுடுதண்ணீர் வைத்துக் குளித்தாக வேண்டும். பொழுது போனால் குளிர் எலும்புக்குள் போய்விடும். காற்று படுக்கும் என் நேரமும், தண்ணீர் சுடும் அவர்கள் நேரமும் ஒன்றே. ஓர் ஆம்பளை இன்னோர் ஆம்பளையிடம் வந்து, "எங்கள் வீட்டுப் பெண்கள் குளிக்கிறார்கள், நீ மேலே வராதே" என்று சொல்வது அந்த ஊரில் முறையில்லை. அதற்காகத்தான் சத்தம் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் அதை அப்படியே நம்பி, அவர்களுக்கு இருந்த ஒரே பாதுகாப்பையும் அணைத்துவிட்டேன்.

"மறைப்புக்கு மேலே தகரம் போட்டுத் தந்துவிடுகிறேன்" என்றேன்.

"வெயிலு எப்படிங்க உள்ள வரும்?" என்றாள் அவள். "அந்த வெயிலுக்குத்தானே அங்க கட்டியிருக்குது."

கூட்டத்திலிருந்து ஒருவர் முன்னால் வந்தார். முதல்நாள் என் வாசல்படியைப் பார்த்தவர்களில் ஒருவர். "தப்பா நினைச்சுக்காதீங்க. மேல போயி என்னதாங்க பார்க்கறீங்க?"

விமானி பார்ப்பது அடிவானத்தை மட்டுமே என்றேன். கீழே இருப்பதெல்லாம் வெறும் புள்ளிகள், ஒன்றும் தெரியாது என்றேன்.

"மேட்டூர் டேமே தெரியுதுன்னு ஒண்டிக்கடையில சொன்னீங்களாமே. மொளகுக் கொடியில ஏணி சாத்துனது தெரியறவருக்கு, கீழ நிக்கற மனுசி தெரியாதுங்களா?"

"கை வேற காட்டுனாருங்க" என்றாள் பின்னால் நின்ற இன்னொரு பெண்.

அடுத்து நான் சொல்லும் வார்த்தையில்தான் புல்வெளி இருந்தது. புல்வெளி மட்டுமா, அந்த ஊரில் தலைநிமிர்ந்து நடப்பதும் அதில்தான் இருந்தது. அதைவிட, மனைவி கையைக் கட்டிக்கொண்டு நின்ற விதம் எனக்குப் பிடிக்கவில்லை. உண்மை ஒன்று என்னிடம் இருந்தது. என்னைக் காப்பாற்றக்கூடிய உண்மைதான். ஆனால் அதைச் சொன்னால் டீக்கடையில் இனி எனக்கு டீ மட்டும்தான் கிடைக்கும்.

"நான் கண்ணை மூடிக்கொண்டுதான் பறப்பேன்" என்றேன்.

கூட்டம் என் முதுகிலிருந்த விசிறியைப் பார்த்தது.

"கிளம்பும்போது திறந்திருப்பேன். மேலே போனதும் தலை சுற்றும், மூடிக்கொள்வேன். வண்டி எங்கே போகிறது என்று பார்க்க மட்டும் அப்பப்போ ஒரு கண்ணைத் திறப்பேன். இன்ஜின் ஓடினாலாவது தைரியமாக இருக்கும். அதை அணைத்ததும் இன்றைக்கு இரண்டு கண்ணையும் இறுக்கிக்கொண்டேன். தரைக்குப் பக்கத்தில் வந்துதான் திறந்தேன்."

"அப்ப மேட்டூர் டேமு?" என்றார் அவர்.

"புத்தகத்தில் படித்தது."

ஈரத் துண்டுக்காரி என்னை மேலும் கீழுமாகப் பார்த்தாள். "நெசமாவே மூடிக்குவீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "நெசந்தானுங்க. ஏர்க்காடு பஸ்ஸுல கொண்டை ஊசி வளைவு வந்தாலே இவரு கண்ண மூடிக்குவாரு. சேலத்துல இருந்து ஏறி வர்ற வரைக்கும் நான்தான் என்ன தெரியுதுன்னு சொல்லிட்டு வருவேன்."

அவள் என் கட்சியில் பேசிய தருணங்களில் அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. கூட்டத்தில் முதலில் ஒருவர் செருமினார். பிறகு ஊர்க்கவுண்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு துண்டால் வாயைத் துடைத்தார். அதற்குப் பிறகு யாரும் துடைக்கவில்லை, வெளிப்படையாகவே சிரித்தார்கள். சந்தேகப்பட்டு யாராவது இன்னும் ஒரு கேள்வியாவது கேட்டிருக்கலாம். ஒருவர்கூடக் கேட்கவில்லை. என்னைப் பார்த்தால் அவ்வளவு எளிதாக நம்பலாம் போலிருக்கிறது.

சிரிப்பு அடங்கியதும் ஊர்க்கவுண்டர் தீர்ப்பு சொன்னார். "பறந்துக்குங்க சாமி. ஆனா சத்தத்த மட்டும் நிறுத்தாதீங்க. ஊருக்கு மேல வர்றப்ப நல்லா முறுக்கி விடுங்க. கேட்டாத்தான் பொம்பளைங்க சுதாரிச்சுக்குவாங்க." சத்தம் குறைவு என்று புகார் வந்து, அதிகச் சத்தம் போடும்படி ஊரே உத்தரவிட்ட விமானி நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இவ்வளவு பெரிய உரிமையை வேறு எந்தச் சங்கமும் வாங்கித் தந்திருக்காது. ஆனாலும் வீட்டுக்கு நடந்து போகும்போது முதுகிலிருந்த விசிறி முன்பைவிடக் கனத்தது.

உத்தரவுப்படி நடந்தேன். குடியிருப்பை நெருங்கினால் இன்ஜினை முழுக்க முறுக்குவேன். மரத்திலிருக்கும் பறவைகள் எழுந்து போகும். ஊர் சுதாரித்துக்கொள்ள நேரம் கொடுத்து, ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றிவிட்டே இறங்குவேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறேன் என்ற நிறைவு இருந்தது.

பழம் பறிப்பு முடியும் சமயத்தில் மனைவி மிளகு வாங்குவதற்காக அந்த ஈரத் துண்டுக்காரி வீட்டுக்குப் போயிருந்தாள். நான் மேலே இருந்தேன். மறைப்புக்குள், அந்த வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள் குளித்துக்கொண்டிருந்திருக்கிறாள். என் சத்தம் கேட்டதும் அந்தப் பெண் அலறி, துணியைத் தேடியிருக்கிறாள். மாமியார் மிளகை அளந்துகொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல் உள்ளே குரல் கொடுத்தாளாம்:

"அட, அது மேல ஊட்டுக்காரருதான் கண்ணு. அவரு பயந்துக்கிட்டு வாராரு, உன்னையெங்க பார்க்கப் போறாரு. நீ தண்ணிய ஊத்து, ஆறிரப் போகுது."